பார்க்காமலே வாங்கும் பழைய கார்

காரை நேரில் பார்க்காமல் வாங்கும் வழக்கம் அமெரிக்காவில் இணையத்துக்கு வெகுகாலம் முந்தியது. சிகாகோவின் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1912 வரை, தன் விலைப்பட்டியல் புத்தகத்தின் வழியே மோட்டார் வண்டி விற்றது. அது புது வண்டி. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. பழைய கார் அப்படியல்ல, ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை உண்டு.

இல்லினாய் மாநிலத்தின் குவின்சி நகரில் எர்னஸ்ட் ஹெம்மிங்ஸ் 1954இல் தொடங்கிய 'ஹெம்மிங்ஸ் மோட்டார் நியூஸ்' அந்தப் பழைய கார்களுக்கான விளம்பர இதழ். சில வரி விவரத்தை நம்பித்தான் தூரத்து ஆள் பணம் அனுப்ப வேண்டும்.

1995இல் ஈபே என்ற இணைய ஏலத் தளம் வந்தபின் படங்கள் பெருகின. ஆனால் படம் எதையும் மறைக்கும். துருப்பிடித்த தகட்டில் பட்டி போட்டுத் தேய்த்து பெயின்ட் அடித்துவிட்டால் பளபளப்பு மட்டுமே தெரியும். நேரிலோ ஒரு சிறு காந்தம் போதும்: இரும்பில் கப்பென்று ஒட்டும், பட்டி தடித்த இடத்தில் வழுக்கி விழும். சேசிஸ் எண்ணும் எளிதில் உதவாது. 17 இலக்க முறை 1981 மாடல்களிலிருந்துதான் அமெரிக்காவில் கட்டாயமானது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு.

2007இல் தோன்றிய 'பிரிங் எ டிரெய்லர்' என்ற இணையதளம் 2014 முதல் தானே ஏலம் நடத்துகிறது. அடிப்பாகப் படங்களும், ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் வீடியோவும் அங்கே வழக்கமாயின. இது பெரிய முன்னேற்றம்.   ஆனாலும் இன்றும் விவரமறிந்தவர்கள், கார் நிற்கும் ஊரிலேயே ஒரு மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்து, அதை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொன்ன பிறகே விலை கேட்கிறார்கள்.