சதுரங்கப் பொதுப்பிரிவில் பெண்கள்

சதுரங்கத்தில் பொதுப்பிரிவு என்பது ஆண், பெண் இருபாலரும் சேர்ந்து ஆடும் பிரிவு. பெண்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. ஆண்களுக்கு மட்டும் என்று ஒரு பிரிவு இன்றைய பன்னாட்டு விதிகளில் இல்லை. ஆனாலும் பொதுப்பிரிவின் முன்வரிசை மேசைகளில் பெரும்பாலும் ஆண்களே அமர்ந்திருப்பதால், பேச்சுவழக்கிலும் செய்தித்தாள்களிலும் அது நெடுங்காலம் ‘ஆடவர் பிரிவு’ என்றே வழங்கிவந்தது.

ஆண்களின் உயர்மட்டப் போட்டியில் பெண்கள் நிலைக்க முடியுமா என்ற கேள்வி எல்லா விளையாட்டுகளிலும் எழுந்ததுதான். மோதலும் வேகமும் நிறைந்த பனி ஹாக்கியில் 1992 செப்டம்பர் 23 அன்று கனடாவின் மனோன் ரேயோம், டாம்பா பே லைட்னிங் அணியின் கோல்காப்பாளராகச் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணிக்கு எதிரே இறங்கினார். பருவம் தொடங்குமுன் நடந்த பயிற்சி ஆட்டம் அது. ஒரு கட்டம் மட்டும் ஆடி, தம்மை நோக்கி வந்த 9 அடிகளில் 7ஐத் தடுத்தார். வட அமெரிக்க தேசிய ஹாக்கி லீக்கின் முறையான பருவ ஆட்டம் எதிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அத்தகைய விளையாட்டில் உடற்கட்டு பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. சதுரங்கத்தில் அந்தச் சாக்குக்கு இடமில்லை.

தமிழகத்தில் பெண்ணின் சதுரங்கத் திறனுக்குத் தொன்மமே ஒன்று இருக்கிறது. திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூரில் உள்ள இறைவன் பெயர் சதுரங்க வல்லபநாதர். அரசனின் மகள் இராஜராஜேஸ்வரியைச் சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியவில்லை என்றும், முதியவர் வேடத்தில் வந்த சிவபெருமானே ஆடி வென்று மணந்தார் என்றும் தலபுராணம் கூறுகிறது. அவளைத் தோற்கடிக்க மனிதருள் ஓர் ஆண் கிடைக்கவில்லை என்பதைக் கதை இயல்பாகவே சொல்லிச் செல்கிறது.

நவீனப் போட்டிச் சதுரங்கத்தில் இந்தக் கேள்விக்கு முதல் விடை தந்தவர் வேரா மென்சிக். 1927இல் முதல் பெண்கள் உலகப் பட்டத்தை வென்ற இவர், 1929இல் கார்ல்ஸ்பாத் நகரில் உலகின் முன்னணி ஆண் வீரர்களோடு ஆட அழைக்கப்பட்டார். அங்கிருந்த ஆல்பர்ட் பெக்கர், மென்சிக்கிடம் தோற்பவர்களை ‘மென்சிக் சங்க’ உறுப்பினர்களாகச் சேர்க்கலாம் என்று கேலி செய்தார். முதல் உறுப்பினராகும் பேறு அவருக்கே வாய்த்தது. மென்சிக் அந்தப் போட்டியில் கடைசியாக வந்தார் என்பதும் உண்மை. பின்னர் ‘சங்கத்தில்’ சேர்ந்தவர்களுள் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கானும், நெதர்லாந்தின் மாக்ஸ் யூவேயும் குறிப்பிடத்தக்கவர்கள். யூவே இருமுறை தோற்றார். 1935இல் அலெகினை வென்று உலக வாகையரும் ஆனார். இந்தப் பெயர் இந்தியக் கதையில் மறுபடியும் வருகிறது.

இந்தியாவில் பெண்களுக்கான தேசியப் போட்டி 1974இல் பெங்களூரில் தொடங்கியது. முதல் பட்டம் மும்பையின் வாசந்தி காடில்கருக்குப் போயிற்று. மூத்தவர் ஜெயஸ்ரீ, இளையவர் ரோகிணி ஆகியோரோடு சேர்ந்து இந்த மூன்று சகோதரிகளே ஏறத்தாழப் பத்தாண்டுகள் அப்பட்டத்தைத் தங்கள் வீட்டுக்குள் வைத்திருந்தனர். வெளியே சவால் இல்லாத நிலையில் ரோகிணி வேறு வழி தேடியது வியப்பன்று. 1976இல், 13ஆம் வயதில், அவர் தேசிய ஆடவர் போட்டியில் ஆட வந்தார்.

இதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. தீர்ப்பு ரோகிணிக்குச் சாதகமாக அமைந்தது. அப்போது உலக சதுரங்கக் கூட்டமைப்பான பீடேயின் தலைவராக இருந்தவர் யூவே. தேசியப் போட்டிகளிலும் பன்னாட்டுப் போட்டிகளிலும் பெண் என்பதற்காக ஒருவரை விலக்க முடியாது என்று அவர் முடிவு கூறினார். ஒரு பெண்ணிடம் இருமுறை தோற்ற உலக வாகையரிடமிருந்தே அந்த முடிவு வந்தது. ரோகிணி அந்தப் போட்டியில் பட்டத்தை நெருங்கவில்லை. ஆனால் குஜராத், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய 3 மாநிலங்களின் வாகையர்களை வென்றார். 13 வயதுச் சிறுமிக்கு இது சிறிய கணக்கன்று. 1981இல் ஹைதராபாத்தில் நடந்த ஆசியப் பெண்கள் போட்டியின் பட்டத்தையும் அவர் வென்றார்.

எழுத்தளவில் தடை நீங்கியும் மனத்தளவில் நீங்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1986இல் பீடே, பெண்கள் தங்களுக்குள்ளேயே ஆடிவருவதால் அவர்களின் தரப்புள்ளிகள் குறைந்து தெரிகின்றன என்று கருதி, எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளிகள் கூட்டிக் கொடுத்தது. ஆண்களோடு அதிகம் ஆடிய ஹங்கேரியின் சூசன் போல்கருக்கு மட்டும் கூட்டவில்லை. அதனால் பெண்களுள் முதலிடத்தை அவர் இழந்தார். அவருடைய தங்கை யூதித் போல்கர் பெண்களுக்கான உலகப் பட்டத்துக்கு ஆடுவதையே தவிர்த்தார். 1991இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2002இல் விரைவு ஆட்டம் ஒன்றில் முன்னாள் உலக வாகையர் காஸ்பரோவை வென்றார். 2005இல் 2735 தரப்புள்ளிகளோடு உலகில் 8ஆம் இடத்தை எட்டினார். பெண்ணால் முடியுமா என்ற வாதம் அத்துடன் முடிந்தது எனலாம்.

தமிழகத்தில் இந்த வரலாறு தாமதமாகவே தொடங்கியது. ஆண்களுள் மானுவேல் ஆரோன் 1961இலேயே இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகம் ஒரு தலைமுறையை உருவாக்கியது. 1988இல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பெண்களில் அவர்களுக்கு இணையாகச் சொல்லத்தக்க முதல் பெயர் சென்னையின் எஸ். விஜயலட்சுமி. இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் இவரே. பாலின வேறுபாடற்ற இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தையும் பெற்றார். 2000ஆம் ஆண்டு இஸ்தான்புல் ஒலிம்பியாடிலும் 2002ஆம் ஆண்டு பிளெட் ஒலிம்பியாடிலும் தனிநபர் வெள்ளி வென்றார். தங்கை மீனாட்சியும் பெண் கிராண்ட்மாஸ்டர். 1999இல் 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டம் வென்ற ஆர்த்தி ராமசாமி, பின்னர் கணவர் ஆர். பி. ரமேஷுடன் சென்னையில் பயிற்சிக்கூடம் தொடங்கினார்.

இவ்விடத்தில் பட்டங்களின் வகைப்பாட்டைப் பிரித்தறிவது அவசியம். செய்திகளில் இவை அடிக்கடி குழம்புகின்றன. ‘பெண் கிராண்ட்மாஸ்டர்’ பட்டத்துக்கு 2300 தரப்புள்ளி வேண்டும். ‘கிராண்ட்மாஸ்டர்’ பட்டத்துக்கு 2500 வேண்டும். அதோடு 2600 தரத்தில் ஆடிப் பெற்ற, ‘நார்ம்’ எனப்படும் மூன்று தகுதிகளும் வேண்டும். அந்த நார்ம்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கிராண்ட்மாஸ்டர்களை எதிர்த்து ஆட வேண்டும் என்பதால், பெண்கள் போட்டிகளில் மட்டும் ஆடி இப்பட்டத்தை அடைவது மிகக் கடினம். ஆகவே ஒரு பெண் பொதுவான கிராண்ட்மாஸ்டர் ஆகிறார் என்றால், ஆண்களோடு ஆடி ஈடுகொடுத்தார் என்றே பெரும்பாலும் கொள்ளலாம். ஆந்திரத்தின் கோனேரு ஹம்பி 2002இல் 15 வயதில் இதைச் செய்து, யூதித்தின் வயதுச் சாதனையை முறியடித்தார். 1999இல் அகமதாபாத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 12 வயதுக்குட்பட்ட சிறுவர்களோடு ஆடி முதலிடம் பெற்றதும் இவர்தான். 2011இல் ஹரிகா துரோணவல்லி இரண்டாமவர். மூன்றாமவரே தமிழகத்துக்கு முதலாமவர்: 2023 டிசம்பரில் ஸ்பெயினின் எல் லோப்ரேகாட் பொதுப்போட்டியில் 2500ஐக் கடந்த சென்னையின் ஆர். வைஷாலி. தம்பி பிரக்ஞானந்தா முன்பே கிராண்ட்மாஸ்டர் என்பதால், உலகில் இப்பட்டம் பெற்ற முதல் அக்காள்–தம்பி இணை இவர்கள்.

இருந்தும் உச்சத்தில் பெண்களின் எண்ணிக்கை ஏன் குறைவு? மூளை அமைப்பைக் காரணமாக்கும் பேச்சு அவ்வப்போது எழுவதுண்டு. அதைவிட ஏற்கத்தக்க விளக்கம் கணக்கில் இருக்கிறது. பீடே தரப்பட்டியலில் பெண்கள் சுமார் பத்தில் ஒரு பங்குதான். பெரிய கூட்டத்திலிருந்து உச்சத்தை எட்டுபவர் சிறிய கூட்டத்தின் உச்சத்தைவிட உயரமாயிருப்பது எதிர்பார்க்கத்தக்கதே. ஜெர்மனி வீரர்களின் பட்டியலைக் கொண்டு 2009இல் வெளிவந்த பிலாலிச்சும் மற்றவர்களும் எழுதிய ஆய்வு, முதல் 100 ஆண்களுக்கும் 100 பெண்களுக்கும் இடையிலான வேறுபாட்டில் 96 விழுக்காட்டை ஆடுவோர் எண்ணிக்கையே விளக்கிவிடுகிறது என்றது. இதனை ஏற்காத மறுப்புகளும் உண்டு.

அமைப்பு முறையும் ஒரு காரணம். பெண்கள் பிரிவில் வெற்றி எளிது. அதில் பரிசும், மாநில அணி இடமும், வேலைவாய்ப்புக்கான சான்றும் கிடைக்கின்றன. பொதுப்பிரிவில் 20ஆம் இடத்துக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. பெற்றோர் எதைத் தேர்வார்கள் என்பது வெளிப்படை. ஆட்டம் வளர்வது வலியவரோடு ஆடும்போதுதான் என்பதால், இந்த ஏற்பாடு பெண்களைக் காக்கவும் செய்கிறது, கட்டவும் செய்கிறது. வைஷாலியின் 2025ஆம் ஆண்டு இதற்கு நேரடிச் சான்று. ஆகஸ்டில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவில், பெரும்பாலும் ஆண்களே இருந்த களத்தில், தொடர்ந்து 7 ஆட்டங்களில் தோற்றார். அடுத்த மாதமே சமர்க்கண்டில் பெண்களுக்கான கிராண்ட் சுவிஸ் பட்டத்தை இரண்டாம் முறையாக வென்றார். அதே ஊரில், அதே நாட்களில், நாக்பூரின் திவ்யா தேஷ்முக் பெண்கள் பிரிவை விட்டுப் பொதுப்பிரிவில் ஆடி, உலக வாகையர் குகேஷோடு சமன் செய்தார்.

மாவட்ட அளவில் பிரிப்பு இன்னும் இறுக்கமானது. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குறுவட்ட, மாவட்டப் போட்டிகளில், எடுத்துக்காட்டாக அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில், 14, 17, 19 வயதுப் பிரிவுகள் மாணவர், மாணவியர் எனத் தனித்தனியே நடைபெறுகின்றன. ஜெயங்கொண்டத்திலோ வேப்பந்தட்டையிலோ படிக்கும் மாணவி எவ்வளவு வலுவாக ஆடினாலும் மாணவர் பிரிவில் பெயர் கொடுக்க வழியில்லை. யூவேயின் முடிவு பள்ளி விளையாட்டுகளை எட்டவில்லை. சதுரங்கச் சங்கங்களும் தனியார் கழகங்களும் நடத்தும் தரப்புள்ளிப் போட்டிகளில் அந்தத் தடை இல்லை. அவற்றுக்கு இவ்விரு மாவட்டத்துச் சிறுமியர் பலர் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடுக்குப் பின் மாநிலமெங்கும் ஆடுவோர் பெருகியுள்ளனர். பி. வி. நந்திதா, பி. சவிதா ஸ்ரீ, ரக்‌ஷிதா ரவி முதலியோர் அண்மைக்காலத்தில் பெயர் பெற்றவர்கள்.