எல்லை கடந்த புகை



புகைக்கு நாட்டெல்லை தெரியாது. எனினும், எங்கோ எழுந்த புகை எங்கே போய்ப் படிகிறது என்பதை மனிதன் கணக்கிட்டு அறிந்த வரலாற்றை இன்று நோக்குவோம்.

1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் நாள் இலண்டன் மாநகரை நச்சுப்புகை மூடிற்று. ஐந்து நாட்கள் அது விலகவில்லை. ஏறக்குறைய 4,000 பேர் மாண்டனர் என அன்று கணித்தனர். உண்மைத் தொகை அதனினும் மிகப் பெரிது என்பது பிற்கால ஆய்வாளர் முடிபு. 1956இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தூய வளிச் சட்டத்தை இயற்றியது. பின்னர் எழுந்த மின்நிலையங்களோ வானளாவிய புகைபோக்கிகளை நாட்டின. நகரத்து வானம் தெளிந்தது. ஆனால் உயரே சென்ற கந்தகப் புகை அழிந்துவிடவில்லை. காற்றோடு கடல் கடந்தது.

நோர்வேயின் தென்பகுதியிலும் சுவீடனிலும் ஏரிநீர் அமிலமாயிற்று, மீன்கள் மறைந்தன. பிறநாட்டுப் புகையே இதற்குக் காரணம் என்று சுவீடன் நாட்டு மண்ணியல் அறிஞர் சுவாந்தே ஓடேன் 1967இல் எடுத்துரைத்தார். குற்றஞ் சாட்டுதல் எளிது. அதனை நிறுவுதல் அரிது. பல நாட்டுப் புகையும் வானிற் கலந்தபின், எது எவருடையது என்று எவ்வாறு பிரித்தறிவது?

1972இல் பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பைச் சேர்ந்த 11 நாடுகள் இவ்வாய்வில் இறங்கின. ஐரோப்பியப் படத்தைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெளியாகும் கந்தகத்தின் அளவைக் குறித்தனர். காற்றின் வழியைக் கணனி பின்தொடர்ந்தது. வழியில் நிலத்திற் படிவது எவ்வளவு, மழையிற் கரைந்து வீழ்வது எவ்வளவு என்று அது கழித்துக்கொண்டே சென்றது. ஒரு நாட் கணக்குப் பிழைக்கலாம். ஆண்டு முழுவதையும் கூட்டிச் சராசரி கண்டபோது, அளவை நிலையங்களின் பதிவுகளோடு அது பெரிதும் பொருந்திற்று. நோர்வேயிலும் சுவீடனிலும் வீழும் கந்தகத்திற் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்தே வருகிறது என்று 1977இல் வெளியான அறிக்கை கூறிற்று.

1979இல் ஜெனீவாவில் நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. 1985இல் ஹெல்சிங்கியில், கந்தக வெளியீட்டை 30 வீதம் குறைக்க ஒப்பந்தம் எழுந்தது. பிரித்தானியா அதில் ஒப்பமிடவில்லை. 1994இல் ஒஸ்லோவில், எல்லார்க்கும் ஒரே அளவு என்பது கைவிடப்பட்டது. எந்நாட்டுப் புகை எந்நிலத்தைக் கெடுக்கிறது என்ற கணனிக் கணக்கின் துணைகொண்டு, ஒவ்வொரு நாட்டின் பங்கும் வகுக்கப்பட்டது. இம்முறை பிரித்தானியாவும் ஒப்பமிட்டது. 2010ஆம் ஆண்டளவில் 80 வீதம் குறைப்பதாக வாக்களித்தது.

இன்று நோர்வேயின் ஏரிகள் சிலவற்றில் மீன்கள் மீண்டும் வாழ்கின்றன. அயலான் மறுக்க இயலாத கணக்கை முன்வைத்த பின்பே அவ்வழக்குத் தீர்ந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளலாம்.