துணி துவைக்கும் இயந்திரத்தை யார் துவைப்பது?

அழுக்கை நீக்க வாங்கிய இயந்திரமே அழுக்காகிப் போனால் என்ன செய்வது? மூடியைத் திறந்ததும் குப்பென்று முகத்தில் அடிக்கும் வாடை. துவைத்து எடுத்த வெள்ளைச் சட்டையில் சாம்பல் நிறச் சவ்வுத் துணுக்குகள். காயப்போட்ட துண்டை மறுநாள் முகத்தில் வைத்தால் ஈரச்சாக்கு நாற்றம். பீடோர் தொடங்கி ஈப்போ வரை, தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் அன்றாடம் கேட்கும் புகார் இது.

உடனே விரல் யாரை நோக்கி நீளுகிறது? வீட்டுப் பெண்களை நோக்கித்தான். "மெஷின் துவைக்குது, நீ சும்மாதானே இருக்க? அதைக்கூடச் சுத்தமா வச்சுக்கத் தெரியலையா?" என்ற கேள்வி பல வீடுகளில் கேட்கப்படுகிறது. ஆனால், இந்த வாடை ஒரு தனி மனுஷியின் சோம்பேறித்தனத்தால் வந்ததல்ல. அதற்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பழியும் குறையும், வாடையும் குறையும்.

வெள்ளாவி சொன்ன பாடம்

தமிழகத்துக் கிராமங்களில் சலவைத் தொழில் செய்தவர்கள் வண்ணார் சமூகத்தினர். ஊரார் துணியையெல்லாம் வெளுத்துக் கொடுத்த அவர்களை ஊர் தாழ்த்தி வைத்தது. கூலியாகக் கிடைத்தது பெரும்பாலும் தானியமும் சோறும்தான். ஆனால், அவர்கள் கைவசம் இருந்த தொழில்நுட்பம் சாதாரணமானதல்ல.

அழுக்குத் துணியை உவர்மண் கரைத்த நீரில் ஊறவைப்பார்கள். பிறகு பானைகளை அடுக்கி, அடியில் நெருப்பு மூட்டி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார்கள். அதுதான் வெள்ளாவி. விடிந்ததும் ஆற்றிலோ குளத்திலோ கல்லில் அடித்துத் துவைத்து, ஓடும் நீரில் அலசி, வெட்டவெளியில் உலர்த்துவார்கள்.

இதிலே நான்கு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட் போன்ற காரப் பொருள். இன்று கடையில் 'வாஷிங் சோடா' என்று விற்கிறார்களே, அதேதான். அது எண்ணெய்ப் பசையைக் கரைக்கும். ஆவியின் சூடு கிருமியைக் கொல்லும். ஓடும் நீர் பிரிந்த அழுக்கைத் திரும்பவும் துணியில் படியவிடாது. வெயில் ஈரத்தை விரைவாக வாங்கிவிடும். காரம், சூடு, ஓட்டம், உலர்ச்சி. இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் இவற்றைச் சுற்றித்தான் போகப்போகிறது.

கடல் கடந்த மக்களோடு இந்தத் தொழிலும் மலாயாவுக்கு வந்தது. பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றை ஒட்டிய டோபி காட், சிங்கப்பூரில் இன்று ரயில் நிலையத்தின் பெயராக நிலைத்துவிட்ட டோபி காட் என, சலவைத் தொழிலாளர்களின் சுவடுகள் ஊர்ப்பெயர்களிலேயே இருக்கின்றன.

பால் வாடையும் பைப்படியும்

தோட்டத்துக்குப் போவோம். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளுக்குப் பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக் மாநிலமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. பத்தாங் பாடாங் மாவட்டத்தைச் சேர்ந்த பீடோர் வட்டாரத்திலும் ஈய லம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களும் அக்கம்பக்கமாக இருந்தன. இன்று கொய்யாப்பழத்துக்கும் பெத்தாய்க்கும் பெயர்போன ஊரை அன்று வளர்த்தவை ஈயமும் பாலும்தான்.

தோட்டத்துக்கு டோபி வந்தாலும் அவர் பெரும்பாலும் துரை, கிராணி வீட்டுத் துணிகளுக்கானவர். லயத்து வீட்டுத் துணியைத் துவைத்தவர்கள் லயத்துப் பெண்களே. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, வெயில் ஏறும்வரை பால்மரம் வெட்டி, பாலைச் சுமந்து கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்த பிறகுதான் துணி மூட்டையோடு பொதுக்குழாயடிக்கோ ஆற்றுக்கோ போனார்கள். லம்பத்திலிருந்து வந்த மணலும் சேறும் பேராக்கின் பல ஆறுகளைக் கலக்கிய காலம் அது. ஆறு கலங்கினால் வெள்ளைத் துணியும் மங்கியது.

பால்காட்டுத் துணியின் வாடை, அதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒட்டுப்பால் வாடை உடம்போடு வீட்டுக்குள் வரும். அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது? மரத்திலிருந்து வடியும் புதுப்பாலுக்கு அந்த நாற்றம் கிடையாது. பாலில் ரப்பரோடு புரதமும் சர்க்கரையும் கலந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று, ஆவியாகும் கொழுப்பு அமிலங்களை வெளியிடுகின்றன. நாறுவது அந்த அமிலங்கள்தான். ரப்பர் தொழிலில் பாலின் தரத்தைக் கண்டறிய இந்த அமிலங்களின் அளவைச் சோதிப்பது இன்றும் வழக்கத்தில் உள்ளது.

அந்தத் துணியைத் தோட்டத்துப் பெண்கள் எப்படி வெளுத்தார்கள்? கட்டிச் சவர்க்காரம் தேய்த்து, கல்லில் அடித்து, ஓடும் நீரில் அலசி, கம்பியிலும் வேலியிலும் விரித்து உலர்த்தினார்கள். அழுக்கு மிகுந்த துணியைச் சோடா போட்டு விறகடுப்பில் அவிப்பதும் உண்டு. வெள்ளாவியின் நான்கு காரியங்களும் ஏதோ ஒரு வடிவில் அங்கே இருந்தன. விலை? பெண்களின் முதுகும் தோளும் விரலிடுக்குகளும் கொடுத்த விலை.

மின்சாரம் வந்த பிறகு

சலவை இயந்திரம் உலகத்துக்குப் புதிதல்ல. 1908இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஹர்லி நிறுவனம் 'தோர்' என்ற மின்சார இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1946இல் அதே நாட்டில் 'டைட்' என்ற செயற்கைச் சலவைத்தூள் வந்தது. உப்புநீரிலும் கடின நீரிலும் திரிந்துபோகும் சோப்புக்கு மாற்றாக அது உலகை மாற்றியது. இந்தியாவில் அகமதாபாத்தைச் சேர்ந்த கர்சன்பாய் பட்டேல் 1969இல் 'நிர்மா' தூளைத் தொடங்கி, ஏழை வீடுகளுக்கும் சலவைத்தூளைக் கொண்டுசேர்த்தார்.

ஆனால், தோட்டத்து லயத்துக்கு இயந்திரம் வர நெடுங்காலம் ஆனது. குழாய் வீட்டுக்குள் இல்லை. தோட்டத்து ஜெனரேட்டர் தந்த மின்சாரமும் பல இடங்களில் மாலை சில மணி நேரத்துக்கு மட்டுமே. இந்த நிலையில் இயந்திரத்தை எங்கே வைப்பது? தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரம் குறித்து 1966இல் ஒரு சட்டமும், அதன் இடத்தில் 1990இல் இன்னொரு சட்டமும் வந்தன. குழாய் நீரும் மின்சாரமும் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்றாகியது. அதே காலத்தில் ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் தாமான்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். அங்கேதான் பல தமிழ்க் குடும்பங்கள் முதல் இயந்திரத்தை வாங்கின. துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இரட்டைத் தொட்டியோடு வந்த இயந்திரம் பலருக்கு நினைவிருக்கும். மாதத் தவணையில் வாங்கிய அந்தப் பெட்டி, ஒரு தாயின் முதுகுக்குக் கிடைத்த விடுதலை. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

இயந்திரம் எதை விட்டுவிட்டு வந்தது?

இங்கேதான் சற்று நின்று யோசிக்க வேண்டும். இயந்திரம் அடிப்பதையும் பிழிவதையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் சூடு? நம் நாட்டில் பெரும்பாலான மேல்திறப்பு இயந்திரங்கள் குழாயிலிருந்து வரும் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கின்றன. ஓட்டம்? ஆற்றுக்குப் பதில், குறிப்பிட்ட அளவு நீரில்தான் துணி சுழல்கிறது. நீரைச் சேமிக்கும் புதிய இயந்திரங்களில் அந்த அளவு இன்னும் குறைவு. உலர்ச்சி? துணிக்காவது வெயில் உண்டு. இயந்திரத்தின் உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் வெளிச்சமே படுவதில்லை. அங்கே ஈரம் காய்வதும் அரிது.

அந்த இடுக்கில்தான் எல்லாம் சேர்கிறது. கரையாத தூள், துணி மென்மையாக்கும் திரவத்தின் பசை, உடம்பின் எண்ணெய், நூல் பிசிறு. இவை கிருமிகளுக்கு விருந்து. கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வழவழப்பான ஒரு போர்வையை நெய்துகொள்கின்றன. அறிவியலில் இதை உயிர்ப்படலம் என்பார்கள். ஆற்றுக் கல்லில் வழுக்கும் பாசியைப் போன்றது. மூன்று கண்டங்களின் சலவை இயந்திரங்களில் எடுத்த இத்தகைய படலங்களைப் பற்றி 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆக, இது பேராக்கில் மட்டும் உள்ள தொல்லை அல்ல.

2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டுசொன்னார்கள். துவைத்த துணியில் எழும் ஈரவாடைக்கு மொராக்செல்லா ஒஸ்லோவென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம். அது வெளியிடும் நாற்றப்பொருளும் ஒரு கொழுப்பு அமிலமே. பாருங்கள், ஒட்டுப்பாலில் நாறியதும் இன்று துண்டில் நாறுவதும் ஒரே குலத்துப் பொருள்கள். அந்தக் கிருமி உலர்ச்சியையும் புறஊதா ஒளியையும் ஓரளவு தாங்கிக்கொள்ளக் கூடியது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. எனவே வெயிலில் போட்டுவிட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைப்பது பாதி உண்மைதான். வெயில் துணியைக் காயவைத்துக் கிருமி பெருகாமல் தடுக்கும். அடியோடு ஒழிக்க வேண்டுமானால் சூடு வேண்டும். வெள்ளாவி வைத்தவர்கள் கிருமியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அதைக் கொல்லும் வழியைக் கையில் வைத்திருந்தார்கள்.

மேல்நாடுகளுக்கும் இந்த அனுபவம் உண்டு. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வெள்ளைத் துணியைக் கொதிநீரில் துவைத்தார்கள். மின்சாரச் சிக்கனத்துக்காகச் சூடு படிப்படியாகக் குறைந்தது. 2013 இறுதியிலிருந்து அங்கே விற்கும் புதிய வீட்டு இயந்திரங்களில் 20 பாகை செல்சியஸ் முறையும் இருக்க வேண்டும் என்று விதியே வந்தது. அமெரிக்காவில் முன்திறப்பு இயந்திரங்களின் பூஞ்சண வாடை நீதிமன்றப் படியே ஏறியது. வேர்ல்பூல் நிறுவனத்துக்கு எதிரான கூட்டு வழக்கு ஒன்றில் 2014இல் ஒஹாயோ நடுவர் குழு நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. யார் வென்றார்கள் என்பது இருக்கட்டும். பணக்கார நாட்டிலும் இதே வாடை வீட்டுக்கு வீடு பேசப்பட்டது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

விட்டதைத் திரும்பக் கொடுப்போம்

சரி, வழி என்ன? இயந்திரம் விட்டுவிட்டு வந்த அந்த நான்கையும் அதனிடம் திரும்பக் கொடுப்பதுதான்.

முதலில் காரமும் சூடும். மாதம் ஒரு முறை துணியில்லாமல் இயந்திரத்தை ஓடவிடுங்கள். சூடேற்றும் வசதி இருந்தால் 60 பாகைக்குக் குறையாமல் வையுங்கள். இல்லாவிட்டால், கையேடு அனுமதிக்கும் அளவுக்குச் சுடுநீரை ஊற்றலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் பாகங்கள் கெடும். வாஷிங் சோடாவோ, ஆக்சிஜன் வகை வெளுப்புத்தூளோ சேர்த்து, சில மணி நேரம் ஊறவிட்டு ஓட்டுங்கள். சவ்வு துண்டு துண்டாக மிதந்து வரும். பயப்படாமல் அலசிவிட்டு இன்னொரு முறை ஓடவிடுங்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: குளோரின் வெளுப்புநீரையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலப்பதும் வீண். பொங்கி வரும் நுரை கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும்.

அடுத்தது ஓட்டம். நூல் பிசிறு சேரும் பையையும், தூள் போடும் பெட்டியையும், வடிகுழாய் வடிகட்டியையும் வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள். முன்திறப்பு இயந்திரமானால் கதவோரத்து ரப்பர் வளையத்தின் மடிப்பைத் துடையுங்கள். தூளைக் குறையுங்கள். மழையும் மலையோடையும் தரும் நம் குழாய் நீர் பொதுவாக மென்னீர். கொஞ்சம் தூளிலேயே நுரை வந்துவிடும். நிறைய நுரை வந்தால் நிறைய சுத்தம் என்பது விளம்பரம் வளர்த்த நம்பிக்கை. மிஞ்சிய தூள்தான் நாளைய சவ்வு.

கடைசியாக உலர்ச்சி. துவைத்து முடித்ததும் துணியை உடனே எடுத்துவிடுங்கள். மூடியைத் திறந்தே வையுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அவர்கள் உள்ளே ஏறாதபடி கவனம் தேவை. அடைமழையிலும் புகைமூட்ட நாட்களிலும் வீட்டுக்குள் காயப்போட வேண்டிவந்தால், துணிகளுக்கு இடைவெளி விட்டுக் காற்றாடியைச் சுழலவிடுங்கள்.

இத்தனையும் யார் செய்வது? தோட்டத்துப் பைப்படியில் கல்லில் அடித்தவர்கள் பெண்கள். இயந்திரம் வந்த பிறகும் பொத்தானை அழுத்துவது, பிழிந்ததை உதறிக் காயப்போடுவது, மடித்து வைப்பது எல்லாம் பெரும்பாலும் அவர்களே. அதன் நாற்றத்துக்கான பழியும் அவர்களுக்கே என்றால் அது நியாயமா? வடிகட்டியைக் கழற்றிக் கழுவப் பத்து நிமிடம் போதும். அப்பாவும் அண்ணனும் தம்பியும் அதைச் செய்யலாம். வாடையைப் பற்றிப் புகார் சொல்ல மூக்கு மட்டும் போதும். அதைப் போக்கக் கை வேண்டும். அந்தக் கை வீட்டிலுள்ள எல்லாருடைய கையாகவும் இருக்கட்டும்.