மருந்துக் கூர்க்கன்

மருந்துக் கூர்க்கன் துளசிக் குடும்பத்துக் கிழங்குச் செடி; நெல்லைச் சீமையில் பொங்கலுக்கு வாங்கும் சிறுகிழங்குக்கு உறவு. திருச்சி மாவட்டத்தின் வடக்கே பச்சைமலையைத் தாண்டினால், ஆத்தூர், கெங்கவல்லிப் பக்கம் இதைப் பயிரிடுகிறார்கள். பார் பிடித்து, நுனித்தண்டைக் கிள்ளி நட்டு, ஆறு மாதம் போல விட்டுத் தோண்டுவார்கள். கிழங்கைச் சீவி வெயிலில் காயப்போட்டால் சரக்கு தயார். நூறு கிலோ காய்ந்த கிழங்கில் ஃபோர்ஸ்கோலின் என்ற மருந்துப்பொருள் அரைக் கிலோ தேறினாலே பெரிது.

1970களில் இந்திய மூலிகைகளைச் சலித்துப் பார்த்த இரண்டு ஆய்வுக்கூடங்களிடம் இது தனித்தனியே சிக்கியது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பொருள் என்று கண்ட லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கோலியோனால் எனப் பெயரிட்டது. பம்பாயில் இருந்த ஹெக்ஸ்ட் ஆய்வு மையம் 1977இல் ஃபோர்ஸ்கோலினின் மூலக்கூறு அமைப்பை வெளியிட்டது. இரண்டும் ஒன்றுதான் என்பது பிறகே தெளிந்தது.

மருத்துவர்களுக்கு இதில் ஆசை பிறக்கக் காரணம் இருந்தது. பலவீனப்பட்ட இதயத்தில் அட்ரினலின் போய் ஒட்டும் ஏற்பிகள் குறைந்து, மரத்தும் போகின்றன. அட்ரினலின் வகை மருந்தைக் கூட்டினாலும் பலன் சுருங்குகிறது. ஃபோர்ஸ்கோலின் அந்த ஏற்பிகளை நாடுவதில்லை. உள்ளே இருக்கும் அடினைலேட் சைக்ளேஸ் நொதியை நேரடியாகத் தூண்டுகிறது. இதயம் அழுத்தமாகச் சுருங்கும், இரத்தக்குழாய்கள் விரியும். ஜெர்மனியில் 1980களில் இதயத்தசை நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்றியபோது இப்படித்தான் நடந்தது. தண்ணீரில் கரையாதது பெரிய குறை. ஜப்பானின் நிப்பான் கயாக்கு நிறுவனம் கரையும் வடிவமாக்கி, திடீர் இதயச் செயலிழப்புக்கான ஊசிமருந்தாக 1999இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

காலம்தான் ஒத்துவரவில்லை. இதே போல இதயத்தை முடுக்கும் மில்ரினோன் மாத்திரையை 1,088 பேரிடம் சோதித்த ஆய்வு 1991இல் வெளியானது; மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இறப்பு 28 சதவீதம் கூடியிருந்தது. களைத்த இதயத்தை விரட்டுவது நல்லதல்ல என்ற எண்ணம் வலுத்தது. இதயத்தை அடக்கி வைக்கும் பிசோப்ரோலால் இறப்பை 34 சதவீதம் குறைப்பதை ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. அது வெளியானதும் 1999இல்தான்! முன்பெல்லாம் பிசோப்ரோலால் வகை மருந்தை இதயச் செயலிழப்பில் கொடுக்கவே கூடாது என்றுதான் பாடம்.

இன்று கிழங்கின் சாறு உடல் இளைக்கும் கேப்சூலாக வெளிநாட்டுக் கடைகளில் விற்கிறது. அதற்கான சான்று மெலிந்ததுதான். திருச்சி தில்லைநகரிலோ ஸ்ரீரங்கத்திலோ இதயச் செயலிழப்புக்கு எழுதும் மருந்துச்சீட்டில் பிசோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் இருக்கும். ஆத்தூர்க் கிழங்கு இராது.