அதிவிடயம்: பெயரில் மட்டும் விஷம்

மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடிச் சமணர்மலையின் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய சமணம், மருந்து கொடுப்பதையும் தானம் என்றது. மதுரைத் தமிழாசிரியர் மாக்காயனாரின் மாணவர் காரியாசான் என்ற சமணப் புலவர், தம் நூலுக்கே சிறுபஞ்சமூலம் என்று மருந்தின் பெயரை வைத்தார். அந்த மருந்தில் சேரும் கண்டங்கத்திரியும் நெருஞ்சியும் இந்தப் பக்கத்துத் தரிசுகளில் முளைப்பவை. அதிவிடயம் என்ற மருந்துக்கிழங்கு அப்படியல்ல; இமயமலைச் சரிவில் விளைந்து, சரக்காக மட்டுமே மதுரைக்கு வந்தது.

வடமொழியில் அதிவிஷா. விஷம் விடமானதுபோல ஷகரம் டகரமாயிற்று. எப்படியோ ஒரு யகரமும் ஒட்டிக்கொண்டது. அதிவிடயம் என்று இன்று படிக்கிறவர் ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்தாலும் தப்பில்லை. ‘அதி’ என்றால் மிகுதி. கடந்தது என்றும் பொருள். விஷத்தைக் கடந்தது, அதாவது முறிப்பது என்று கொள்வதே பொருந்தும். குழந்தைகளின் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் ஆயுர்வேதம் தரும் பாலசதுர்பத்ர சூரணத்தின் நான்கு சரக்கில் இதுவும் ஒன்று.

உண்மையான விஷம் இதன் பங்காளி வச்சநாபி. வத்ஸநாபம், கன்றின் தொப்புள்! எவ்வளவு சாதுவான பெயர். அதிலுள்ள அக்கோனைட்டின் என்ற நஞ்சு இதயத்தையே நிறுத்திவிடும். அந்த ‘நாபி’ நம் வேலியோரச் செங்காந்தளுக்கும் தொற்றி நாபிக்கொடி ஆனது. இரண்டுக்கும் உறவே இல்லை. கிழங்கில் நஞ்சு என்ற ஒற்றுமைதான்.

அதிவிடயக் கிழங்கு வெளியே சாம்பல் நிறம். ஒடித்தால் மாவு வெள்ளை, நடுவில் வட்டமாகச் சில புள்ளிகள். நீலமும் ஊதாவும் கலந்து, தலைக்கவசம்போல் கவிந்த அதன் பூவுக்குத் தமிழில் தனிப்பெயர் கிடையாது. காயவைத்த கிழங்கை மட்டும் பார்த்தவர்கள் பூவுக்கு எங்கே பெயர் வைப்பது?

தோண்டித் தோண்டி எடுத்ததில் செடி இன்று அழியும் நிலையில் இருக்கிறது. கிடைக்காவிட்டால் கோரைக்கிழங்கைச் சேர்க்கலாம் என்று பழைய ஆயுர்வேத நூல்களே வழிவிட்டிருக்கின்றன. வெறும் கசப்பென்றால் அதிவிடயம், நாக்கு மரத்தால் வச்சநாபி என்பது பழைய வியாபாரிகளின் சோதனை. நீங்கள் அதைச் செய்துபார்க்க வேண்டாம். வாங்கிய கிழங்கைச் சித்த மருத்துவரிடம் காட்டுங்கள்.