ஏளனமே விருதாயிற்று!

இங்கிலாந்துப் பெண்கள் வாக்குரிமை கேட்டபோது, ஏடுகள் செய்தது என்ன? கோரிக்கையை ஆராய்வதைவிட, கேட்டவர்களின் தோற்றத்தை ஆராய்ந்த ஏடுகளே மிகுதி! அழகற்றவர், அடங்காதவர், குடும்பம் கெடுப்பவர் எனக் கேலிச்சித்திரம் தீட்டின.

1906-இல் 'டெய்லி மெயில்', எம்மெலின் பாங்கர்ஸ்ட் அம்மையாரின் அணியினரை எள்ளி நகையாடப் புதுச்சொல் புனைந்தது. 'சஃப்ரஜிஸ்ட்' என்ற வழக்குச் சொல்லின் வாலை வெட்டி, சிறுமை சுட்டும் விகுதியை ஒட்டி, 'சஃப்ரஜெட்' என்றது. பட்டப்பெயர் சூட்டப்பட்ட பிள்ளை அழுவதைத்தான் என் வகுப்பறையில் நாளும் காண்கிறேன். அம்மங்கையரோ அழவில்லை, அச்சொல்லையே சூடிக்கொண்டனர். 1912-இல் தொடங்கிய தம் ஏட்டுக்கும் அதையே பெயராக இட்டனர்!

1908 ஜூன் 21-இல், ஊதா, வெள்ளை, பச்சை அணிந்து லண்டன் ஹைட் பூங்காவில் திரண்டனர். ஏடுகளின் கறுப்பு வெள்ளைப் படங்களில் அந்நிறங்கள் தெரியா. தெருவோரம் நின்றோர்க்குத் தெரிந்தன.

கைதியின் உடையில் அம்புக்குறி பொறிப்பது அன்றைய ஆங்கிலச் சிறை வழக்கமாயிருந்தது. இழிவின் முத்திரையன்றோ அது! சில்வியா பாங்கர்ஸ்ட் அவ்வம்புக்கு அம்மூன்று நிறங்களையும் தீட்டி, நாடாளுமன்றத்தின் சின்னமான இரும்புக் கதவின்மேல் பதித்துப் பதக்கமாக்கினார். 1909 முதல், ஹாலோவே சிறை மீண்டவர் மார்பில் அது மின்னிற்று.

ஆடவர்க்கு நிகரான வாக்குரிமை 1928 ஜூலை 2-இல் சட்டமாயிற்று. எம்மெலின் அம்மையார் அதற்குப் பதினெட்டு நாள் முன்னரே மறைந்திருந்தார்.