லினக்ஸ் கணினியும் கம்பியில்லா இணைப்பும்: ஒரு சிறு வரலாறு



பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியோர் பலரும் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "திரை தெளிவாகத் தெரிகிறது, ஒலி கேட்கிறது, தமிழில் தட்டச்சும் செய்ய முடிகிறது. கம்பியில்லா இணைய இணைப்பு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?" இதற்கான விடை, கடந்த கால் நூற்றாண்டின் கணினி வரலாற்றில் உள்ளது. அதனைச் சுருக்கமாக இங்கு எழுத விழைகிறேன்.

கணினியின் ஒவ்வோர் உறுப்புக்கும், அதனை இயக்கத் தெரிந்த ஒரு மென்பொருள் தேவை. அதற்கு இயக்கி என்று பெயர். கம்பியில்லாச் சில்லுகள் பலவற்றுக்குக் கூடுதலாக ஒன்று வேண்டும். அது, சில்லுக்குள்ளேயே ஏற்றப்படும் நிலைபொருள். இவ்விரண்டில் ஒன்று இல்லையெனினும் இணைப்பு கிட்டாது.

802.11 எனப்படும் கம்பியில்லா வலையமைப்புத் தரம் 1997-ஆம் ஆண்டு வெளிவந்தது. 1999-இல் வந்த 802.11பி அதனைப் பரவலாக்கியது. லினக்சுக்கு இயக்கி எழுதும் ஆர்வலர்கள் அன்றே இருந்தனர். ஆனால், ஒரு சில்லு எவ்வாறு இயங்குகிறது என்னும் விளக்கக் குறிப்புகளைப் பல நிறுவனங்கள் வெளியிட மறுத்தன. தொழில் இரகசியம் என்பது ஒரு காரணம். அலைவரிசையையும் ஒலிபரப்பு ஆற்றலையும் எவரேனும் மாற்றிவிட்டால் அரசு விதிகளை மீறியதாகுமே என்னும் அச்சம் மற்றொன்று.

2003-இல் பான்டஸ் ஃபுக்ஸ் என்பவர் 'என்டிஸ்ராப்பர்' என்னும் மென்பொருளைத் தொடங்கினார். விண்டோசுக்காக எழுதப்பட்ட இயக்கியை லினக்சுக்குள் இயங்கச் செய்வதே அதன் உத்தி. பலருக்கு அது கைகொடுத்தது. ஆயினும், உள்ளே நடப்பதை எவராலும் படித்துத் திருத்த இயலவில்லை.

அதே காலத்தில், பிராட்காம் நிறுவனச் சில்லுகளைக் கொண்ட லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்னும் திசைவி லினக்சிலேயே இயங்குவது தெரியவந்தது. அதன் மூலநிரலும் 2003-இல் வெளியிடப்பட்டது. எனினும் கம்பியில்லா இயக்கி மட்டும் படிக்க இயலாத வடிவிலேயே தங்கிவிட்டது. ஆர்வலர்கள் சோர்ந்துவிடவில்லை. ஒரு குழுவினர் மூடிய இயக்கியை ஆராய்ந்து, சில்லு செயல்படும் முறையை விளக்கமாக எழுதினர். மற்றொரு குழுவினர் அவ்விளக்கத்தை மட்டும் படித்துப் புதிய இயக்கியை எழுதினர். மூல இயக்கியைக் கண்டவர் புதியதை எழுதலாகாது என்பது அவர்கள் தமக்கு வகுத்துக்கொண்ட நெறி. இவ்வாறு உருவான இயக்கி 2005 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, 2006-இல் வந்த லினக்ஸ் 2.6.17 கருவில் இடம்பெற்றது.

அதன்பின் காலம் மாறியது. 2007-இல் 2.6.22 கருவில், கம்பியில்லா இயக்கிகள் பலவும் பொதுவாகப் பயன்படுத்தக்கூடிய அடித்தளம் சேர்ந்தது. 2008-இல் ஏதெரோஸ் நிறுவனம் தன் 802.11என் சில்லுகளுக்கான திறந்த இயக்கியைத் தானே வெளியிட்டது. 2010 செப்டம்பரில் பிராட்காமும் அவ்வழியில் ஓர் இயக்கியை வெளியிட்டது.

நிலைபொருள் சிக்கல் மட்டும் நீடித்தது. மூலநிரல் இல்லாத எதனையும் தன் நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்னும் கொள்கை டெபியன் அமைப்புக்கு இருந்தது. நீண்ட விவாதத்திற்குப் பின் 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதனைத் தளர்த்தினர். 2023 சூனில் வந்த டெபியன் 12 நிலைபொருளுடனேயே கிடைத்தது. கொள்கையையும் பயனையும் எடைபோட்ட அம்முடிவு, வசதி குறைந்த பயனருக்கு நன்மையாயிற்று என்பது என் கருத்து.

இவ்வரலாற்றை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பள்ளிக்கு நன்கொடையாக வந்த மடிக்கணினிகள் சில, இணைப்புக் கிடைக்காத ஒரே காரணத்தால் "பழுது" என்று ஒதுக்கப்பட்டன. அவற்றுள் எதுவும் பழுதாகவில்லை. வீட்டில் கணினி இல்லாத மாணவருக்கு, அப்படி ஒதுக்கப்படும் ஒவ்வொன்றும் பேரிழப்பு.

ஆகவே, ஒதுக்குமுன் மூன்றினைச் சோதியுங்கள்.

முதலாவது, கம்பியில்லா விசை அணைக்கப்பட்டுள்ளதா? முனையத்தில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்னும் கட்டளை அதனைக் காட்டும்.

இரண்டாவது, சில்லின் பெயர் என்ன? 'எல்எஸ்பிசிஐ' என்னும் கட்டளை பெரும்பாலும் அதனைக் கூறும். ஒரே வகை மடிக்கணினிக்குள்ளும் வெவ்வேறு சில்லுகள் இருக்கக்கூடும் என்பதால், மடிக்கணினியின் பெயரை மட்டும் வைத்துத் தீர்வு தேடினால் வழி தவறலாம்.

மூன்றாவது, நிலைபொருள் இருக்கிறதா? 'டிமெசேஜ்' எனப் பலர் உச்சரிக்கும் கட்டளையின் பதிவுகளில், கோப்பு கிடைக்கவில்லை என்னும் செய்தி உள்ளதா எனப் பாருங்கள். இருந்தால், கைப்பேசியை யுஎஸ்பி கம்பிவழி இணைத்து, அதன் இணையத்தைக் கொண்டே உரிய நிலைபொருள் தொகுப்பை நிறுவிவிடலாம்.

பெரும்பாலான சிக்கல்கள் இம்மூன்றுக்குள் அடங்கிவிடும். இதனைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் தத்தம் பள்ளி அலமாரிகளில் உறங்கும் கணினிகளை ஒருமுறை எடுத்துப் பார்க்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.